டீச்சரம்மா வீட்டுக் கப்பல்

எங்கள் ஊரில் ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். பீங்கான் ஊர்க்காரர்களின் பழக்கம் அது. அடியில் மெருகு ஒழுங்காக ஓடியிருக்கிறதா, பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரிகிறதா, முட்டியால் தட்டினால் ‘ணங்’ என்கிறதா, ‘தொப்’ என்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலையே கேட்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்த மனிதர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். காபியைக் குடித்து முடித்த பிறகுதான், அதுவரைக்கும் நல்லது.

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் எனக்கு ஒரு பொம்மைக் கடை. பிள்ளையார், பூனை உண்டியல், டிசம்பர் வந்தால் குடில் பொம்மைகள். எல்லாம் பீங்கான். அதற்கு நடுவே சில வருடங்களுக்கு முன் மரக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. பழைய காலத்துப் பாய்மரக் கப்பல்கள், கையகலத்தில் ஆரம்பித்து முழ நீளம் வரைக்கும். கூடவே கப்பல் சுக்கான் போல வட்டமாகச் செய்த சுவர்க் கடிகாரம், நங்கூரம் ஆணியடித்த சாவிப் பலகை. எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை அதற்கு முன் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வேலை பார்த்தவர். பொம்மைக்கு முதல் மாதிரி செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுக்கிற வேலை. வருடக்கணக்கில் மண் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனது. இனி தூசி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதை என் தங்கை சட்டமாக்கிவிட்டாள். வீட்டில் கோலப்பொடி டப்பாவைக் கூட மூடி போட்டுத்தான் வைப்பாள். மாப்பிள்ளை பட்டறையை விட்டு நின்று, கொஞ்ச நாள் சும்மா இருந்து, ஒரு நாள் அட்டைப் பெட்டியோடு என் கடைக்கு வந்தார்.

“மச்சான், இது நானே செஞ்சது. வெச்சிப் பாருங்க, போச்சின்னா போவட்டும்.”

போயிற்று. பஸ் பிடிக்க வந்தவர்கள், கல்யாணப் பரிசு தேடியவர்கள் எல்லாம் வாங்கினார்கள். ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. எதிரே டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்பார்: “ஏண்ணே, நம்ம ஊருக்குக் கப்பலு எந்த பிளாட்பாரத்துல வந்து நிக்குது?” பூக்காரம்மா ஒரு படி மேலே போய், “மணிமுத்தாத்துல தண்ணிய காணல, கப்பலு மட்டும் வந்துக்கினே இருக்குது” என்பார். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு மத்தியானச் சோறு வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் கற்றதை விட இவர்களிடம் கேட்டதுதான் அதிகம். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்ட அந்தப் பேச்சுகள், எனக்குள் ஒரு சந்தேகத்தையும் ஊன்றிவிட்டன.

ஒரு நாள் ஒரே அளவில் வந்த இரண்டு கப்பல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அச்சு அசல் ஒன்று போலவே இருந்தன. பாயின் வளைவு, கயிறு கட்டின இடம், பக்கவாட்டில் பீரங்கி ஓட்டைகள், எதிலும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. எங்கள் ஊரில் இரண்டு பொருள் ஒன்று போல இருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: அச்சில் வந்தது. கைவேலை என்றால் ஒரு பிள்ளையாருக்குத் தொந்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கட்டை விரலால் கப்பலின் வயிற்றைத் தடவி அச்சுக் கோடு தேடினேன். இல்லை. தட்டினேன். மரம்தான். அப்படியும் மனது அடங்கவில்லை. எங்கேயோ பெரிய ஃபேக்டரியில் மெஷின் அறுத்துத் தள்ளுகிறதோ?

அதன் பிறகு என் கண் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை அடிக்கடி பாண்டிச்சேரி பஸ் ஏறுவது தெரிந்தது. திரும்பி வரும்போது கயிறு கட்டின பெரிய அட்டைப் பெட்டி வருவது தெரிந்தது. என் கடைக்கு வரும் கப்பல்களின் இடுக்கில் தெர்மோகோல் மணி ஒட்டியிருப்பது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவர் சட்டை. தச்சு வேலை செய்கிறவன் சட்டையில் மரத்தூள் இல்லாமல் இருக்குமா? இவரோ குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்தெல்லாம் பவுடரோடு வருவார். பவுடர் வாசனையோடு வருகிற தச்சனை நான் கண்டதில்லை.

கேட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தங்கை வீட்டுக்காரரை நாங்கள் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய் ‘இது நீங்க செஞ்சதுதானா’ என்று கேட்பது, திருடினாயா என்று கேட்பதற்குச் சமம். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மாட்டிக்கொண்டு முழிக்கப் போவது என் தங்கை. கப்பல் பொம்மைதானே, எங்கே செய்தால் என்ன என்று மனதை மடக்கி வைத்தேன். டீச்சரம்மா வரும் வரைக்கும்.

டீச்சரம்மா எங்கள் ஊர் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் பொம்மை என்னிடம்தான் வாங்குவார். மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை. ஒரு தடவை கப்பல் புயலில் மாட்டி, மகனிடமிருந்து போன் வராமலே நாட்கள் போயின. அப்போது மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார்: பையன் கரைக்கு வந்தால், புது வீட்டில் மாதா காலடியில் ஒரு கப்பல் வைக்கிறேன், மனுசன் கையால் செய்த கப்பலாக வைக்கிறேன் என்று. பையன் வந்துவிட்டான். வீடும் எழும்பிவிட்டது. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“கையால செஞ்சதுதானே? மெஷினு செஞ்சத மாதாகிட்ட வெச்சா, மெஷினக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். நீ சொல்லு, நான் நம்பிக்கிறேன்.”

“எங்க மாப்ள கையால செஞ்சது டீச்சர்” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதுவரைக்கும் அது மாப்பிள்ளையின் வார்த்தை. இப்போது என் வார்த்தை. அதுவும் ஒரு தாய் மாதாவுக்குச் செலுத்தும் நேர்ச்சையின் மேல் வைத்த வார்த்தை.

டீச்சரம்மா வீட்டுக் கூடத்தில், மாதா சுரூபத்துக்குக் கீழே, கப்பலுக்கென்றே சுவரில் ஒரு மாடம் கட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே பல்பும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை டேப்போடு போய் நீளம், உயரம், ஆழம் எல்லாம் அளந்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். மாடம் கொள்ளும் அளவுக்கு, மூன்று பாய்மரம் வைத்த பெரிய கப்பல். சாமியார் வந்து புது வீட்டை மந்திரிக்கும் நாளைக்குள் தந்துவிடுவதாகப் பேச்சு.

அந்த வாரமே ஒரு பிற்பகல் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ள எங்கம்மா?”

“பாண்டி போயிருக்காருண்ணே. கப்பலு வாங்கியாற.”

“வாங்கியாறவா?”

“ஆமாண்ணே. அங்க துண்டு துண்டா ரெடிமேடா வருதாம். இவரு ஒட்டி, பாயி கட்டி, பாலீஷு போடுவாரு. ஒரு பொட்டு தூசி கெடையாது. தூசி வேலன்னா நான் வுட்டுடுவனா?” என்றவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?”

“வெயிலும்மா.”

“வெயிலுல வந்தா செவக்கும். உனக்கு வெளுத்திருக்குது.”

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்பக்கம் போனேன். மாப்பிள்ளை வேலை செய்யும் தகரக் கொட்டகை பூட்டியிருந்தது. இடுக்கில் கண் வைத்தேன். உள்பக்கமாக ஒரு பழைய போர்வை தொங்கியது.

“சாவி அவரு அரணாக்கயித்துல இருக்குதுண்ணே. பாலீஷு காயறப்ப காத்து படக்கூடாதாம்” என்று குரல் கொடுத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் இதையே போட்டு உருட்டினேன். என்னிடம் ‘நானே செய்தேன்’ என்கிறார். பொண்டாட்டியிடம் ‘வாங்கி வருகிறேன்’ என்கிறார். இரண்டில் ஒன்று பொய். எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருடம் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கினதைச் செய்தேன் என்று சொல்கிறவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். செய்ததை வாங்கினேன் என்று எவனாவது சொல்வானா?

டீச்சரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாடத்தின் விளக்கைப் போட்டுக் காட்டினார். வெறும் மாடம் பளிச்சென்று எரிந்தது. “பாரு, எடம் ரெடி. எம் புள்ளைக்குப் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்” என்றார். நான் பல்பு நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, மாப்பிள்ளையின் வாயைக் கிளறிப் பார்ப்போம் என்று, அடுத்த முறை கடைக்கு வந்தபோது டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

“மாப்ள, நடுவுல அந்தக் கம்பம் சாயாம எப்படி நிக்குது?”

முகம் மலர்ந்துவிட்டது. அடிக்கட்டையில் குழி எடுப்பது, கம்பத்தின் காலை அதில் இறுக்குவது, முன்னும் பின்னும் நூல் கட்டி இழுப்பது என்று கையாலேயே காற்றில் செய்து காட்டினார். பாதியில் இருமல் வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதெல்லாம் உங்க தங்கச்சிகிட்ட பேசிக்கினு இருக்காதீங்க மச்சான்” என்றார்.

“ஏன் மாப்ள?”

“வேணாம். வுடுங்க.”

வேறு சாட்சியே வேண்டாம் என்று தோன்றிவிட்டது எனக்கு. பாண்டியில் விற்கிற கடைக்காரன் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார், தங்கையிடம் நான் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார். டீயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், எனக்குத்தான் கசந்தது.

வீடு மந்திரிக்கும் நாள் வந்தது. பங்குச் சாமியார் வருவதற்கு முன்பே கப்பல் மாடத்தில் ஏற வேண்டும். மாப்பிள்ளை பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். தங்கையும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள், மாதாவுக்கு மல்லிகைச் சரத்தோடு. டீச்சரம்மா தானே கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தார். பெட்டியைப் பிரித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். கருந்தேக்கில் வழவழவென்று வயிறு, கஞ்சி போட்டு விறைப்பாக்கின துணிப் பாய்கள், முன்மூக்கில் ஒரு சின்னச் சிலுவை. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் மறந்துபோனது.

மாப்பிள்ளை தூக்கி மாடத்துக்குள் விட்டார். மூக்கு போனது. பின்பக்கம் போகவில்லை. சாய்த்து விட்டார். கம்பத்தின் நுனி மேலே முட்டியது. குறுக்கே திருப்பினால் பாய் கண்ணாடியை இடித்தது. அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது.

“அளவு எடுத்துக்கிட்டுத்தானேப்பா போன?” என்றார் டீச்சரம்மா.

“எடுத்தேன் டீச்சர். செரியாத்தான்...”

“அளவெடுத்துச் செஞ்சா எப்படி இடிக்கும்? எங்கயாவது கடையில நின்னத தூக்கியாந்துட்டியா?” அவர் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. “நீதானே சொன்ன, கையால செஞ்சதுன்னு?”

தங்கை வாயைத் திறப்பது தெரிந்தது. அவள் உள்ளதைச் சொல்கிறவள். ‘ரெடிமேடு டீச்சர்’ என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றோடு முடிந்தது. நேர்ச்சையும் போச்சு, என் கடையின் வாக்கும் போச்சு, மாப்பிள்ளை இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதும் போச்சு. அவளைப் பேசவிடாமல் செய்ய, “இருங்க இருங்க, அளந்துடலாம்” என்று சத்தமாகச் சொல்லி, ஜன்னலில் எலக்ட்ரீஷியன் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த டேப்பை எடுத்தேன். நேரத்தைக் கடத்தத்தான் அளந்தேன். முதலில் மாடத்தின் நீளம், பிறகு கப்பலின் நீளம். பத்துக்கு ஒன்று கூடுதல். உயரம் அளந்தேன். அதிலும் பத்துக்கு ஒன்று கூடுதல். அகலத்தைப் பார்த்தேன். அதே கணக்கு.

டேப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பொம்மை விற்கிற எவனுக்கும் தெரியும். ஈர மண் காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். முழங்கை உயரப் பிள்ளையார் வேண்டும் என்றால் அதைவிடப் பெரிதாக மாதிரி செய்தால்தான் கடைசியில் முழங்கை உயரத்தில் வந்து நிற்பார். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், அச்சு வேலை செய்கிறவர்கள் தனியாக ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள். பார்வைக்கு மற்ற ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதில் ஓர் அங்குலம் என்பது, கடையில் விற்கிற ஸ்கேலின் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். சுருங்கப் போவதை முன்கூட்டியே அதில் சேர்த்திருப்பார்கள்.

“மாப்ள, எந்த ஸ்கேல வெச்சி மரத்த அறுத்தீங்க?”

“என்னோட பழைய ஸ்கேலுதான் மச்சான். கைக்குப் பழகுனது...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கை தானாக நெற்றிக்குப் போயிற்று. “ஐயய்யோ. மரம் சூளைக்குப் போவாதில்ல.”

டீச்சரம்மாவும் இந்த ஊர்தானே. அவருக்குப் பிடிபட அரை நிமிடம் கூட ஆகவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். “ஒரு தடவ சூளையில வெச்சி எடுத்தியானா கச்சிதமா உள்ள பூந்துடும்பா” என்றார். கூடமே சிரித்தது. மாப்பிள்ளை முன்பு செய்த கப்பல்களும் இப்படித்தான் பெருத்திருக்க வேண்டும். அவையெல்லாம் மேசை மேல் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் நிதானம் போய்விட்டது. “இத வுட என்னா சாட்சி வேணும் டீச்சர்? கடையில வாங்குனதா இருந்தா இப்படித் தப்பாது. பீங்கான் அச்சுக்காரன் கைதான் இப்படித் தப்பும். இது எங்க மாப்ள அவரு கையால அறுத்து, இழைச்சி, தேய்ச்சி, தேய்ச்சி செஞ்ச கப்பலு!” என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“தேய்ச்சியா?” என்றாள் என் தங்கை.

சிரிப்பு அவளிடம் மட்டும் இல்லை. மல்லிகைச் சரம் கையிலேயே தொங்கியது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கையை எடுத்து நகக்கண்களைப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் மத்தியிலும் குனிந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள்.

“அதான் பவுடரா? அதான் பூட்டா? ரெடிமேடுன்னு எங்கிட்ட சொன்னீங்க.”

“பாண்டியில மரத்துண்டுதான் வாங்கியாறேன். ஃபர்னிச்சர் கடையில கழிச்சிப் போடறது, தெர்மோகோலு பெட்டியில போட்டுத் தருவாங்க. நெசமாத்தான் சொல்றேன், மூக்குல துணி கட்டிக்கினுதான் தேய்க்கிறேன்.”

“நெசமாவா” என்றாள். அது கேள்வி போலவே இல்லை.

என்னிடம் சொன்னது உண்மை. அவளிடம் சொன்னதுதான் பொய். செய்ததை வாங்கினேன் என்று எவன் சொல்வான் என்று கேட்டேன் அல்லவா, இதோ எதிரில் நின்றார்: தூசி பட்டால் பொண்டாட்டி வேலையை நிறுத்திவிடுவாள் என்று பயந்த மனுசன். ஒன்று போலவே இருந்த கப்பல்களுக்கும் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அட்டையில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, அதன் மேல் கோடு போட்டு அறுத்திருக்கிறார். பழகின தொழில் எங்கே போகும்?

சாமியார் வந்துவிட்டார். கப்பலை என்ன செய்வது என்று எல்லாரும் முழிக்க, டீச்சரம்மா டீப்பாயை இழுத்து மாதா சுரூபத்துக்குக் கீழே போட்டார். “மாடத்துல வெக்கிறேன்னா நேந்துக்கிட்டேன்? காலடியில வெக்கிறேன்னுதானே நேந்துக்கிட்டேன். வெய்யிப்பா” என்றார். தீர்த்தம் தெளித்தபோது கஞ்சி போட்ட பாய் ஒன்று நனைந்து மடங்கியது. மாப்பிள்ளை பதறி விரலால் நீவி விட்டார். மகன் வீடியோ காலில் வந்தான். “யம்மா, எங்க கப்பல வுட நல்லா இருக்குது” என்று அவன் சொல்ல, டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வார்த்தை நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தங்கை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கியதும் அவள் கையை நீட்டினாள். அவர் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கொட்டகையைத் திறந்து போர்வையை விலக்கினாள். உத்தரத்தில், அலமாரியில், தொங்கிக்கொண்டிருந்த பழைய சட்டையில், எங்கும் மாவு அரைத்த இடம் மாதிரி மஞ்சள் தூள். அவள் சண்டை போடவில்லை. விளக்குமாற்றை எடுத்தாள், தூள் பறக்கும் என்று நினைத்தோ என்னவோ அதைக் கீழே போட்டுவிட்டு, ஈரத் துணி கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாளே அவரை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனாள். நிலைமை மோசமாகவில்லை, ஆனால் இப்படியே போனால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். தங்கையைத் தனியாகக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேரிடமும் கேட்டுச் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இப்போது மேசை வெளியே, முருங்கை மரத்தடியில். அறுப்பதெல்லாம் மரக்கடை மெஷினில். வளைவு கொடுப்பதும் தேய்ப்பதும் மட்டும்தான் மாப்பிள்ளை கையால். அதுவும் தூள் பறக்காமலிருக்கக் கட்டையை நனைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான். கப்பல் செய்து முடிக்க முன்னை விட நாளாகிறது. கடைக்கு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்கிறேன்.

போன வாரம் போயிருந்தேன். மாப்பிள்ளை ஒரு படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் வெள்ளை மாஸ்க். எதிரே தங்கை ஸ்டூல் போட்டு, தட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எப்பவும் மாஸ்க்கு போட்டுக்கினுதான் இருக்கேன் மச்சான். கேளுங்க உங்க தங்கச்சிய” என்றார்.

“நான் எதிர்ல குந்தியிருந்தா போட்டிருக்காரு” என்றாள் அவள், கீரையிலிருந்து கண் எடுக்காமல். “அடுப்புக்கிட்ட போனா என்னா செய்றாருன்னு எனக்கெப்படித் தெரியும்?”

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. ஒன்று, இன்னொன்று. உப்புத்தாள் நின்றது. அவள் கையும் கீரைத்தட்டில் நின்றது. இருமல் அடங்கும் வரைக்கும் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

பிறகு அவள் எழுந்து, தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“நல்லா தொட்டுக்கினு தேய்ங்க” என்றாள்.